எதிராளி எதிரி அல்லன்

கிள்ளானில் என் தமக்கையின் வீடு இருக்கிறது. தீபாவளிக்கு முந்திய வாரம் அங்குச் சென்றிருந்தபோது மாடியறையிலிருந்து பெருஞ்சிரிப்பொலி கேட்டது. ஏறிச் சென்று பார்த்தேன். பல்கலைக்கழகத்தில் பயிலும் என் தமக்கை மகன், காதில் ஒலிக்கருவி அணிந்து, விமானியின் கைப்பிடியை ஒத்த ஜாய்ஸ்டிக் ஒன்றைப் பற்றியவாறு கணினித் திரையின்முன் அமர்ந்திருந்தான். திரையில் ஒரு விமானம் எரிந்து வீழ்ந்துகொண்டிருந்தது. அதிலிருந்து குதித்துத் தப்பிய விமானியின் வான்குடை மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அவன் தன் விமானத்தைத் திருப்பி வந்து, குடையில் தொங்கிய அந்த உருவத்தைச் சுட்டான். எங்கெங்கோ இருந்தபடி அவனோடு ஆடிய தோழர்கள் ஒலிக்கருவி வழியே ஆரவாரித்தார்கள்.

அத்தோடு நிற்கவில்லை. எதிரணியின் விமானத்தளத்திற்கு மேலே அவர்கள் வட்டமிட்டார்கள். ஓடுபாதையில் உருளத் தொடங்கிய ஒவ்வொரு விமானத்தையும், அதன் சக்கரம் தரையை விட்டு எழுமுன்னரே எரித்தார்கள். கால் மணி நேரத்தில் எதிரணியினர் ஒருவர் பின் ஒருவராக ஆட்டத்தை விட்டு விலகினர். திரையில் புள்ளிகள் குவிந்திருந்தன. வானத்தில் போரிட ஒருவரும் இல்லை.

"இது முறையா?" என்று கேட்டேன்.

"இதுல என்ன தப்பு மாமா? போர்னா இப்படித்தான் இருக்கும். ரூல்ஸ்ல இதைச் செய்யக் கூடாதுன்னு எங்கேயும் இல்ல. அதோட, இது வெறும் கேம்தானே!" என்றான்.

மூன்று வாக்கியங்கள், மூன்று கேடயங்கள். இது போர், விதி தடுக்கவில்லை, இது வெறும் விளையாட்டு. இம்மூன்றில் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிந்துகொண்டு நம் இளைஞர் பலர் இன்று ஆடிவருகின்றனர். அம்மூன்று கேடயங்களும் ஓட்டை என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இணைய வழி வான்போர் விளையாட்டை அறியாத அன்பர்களுக்கு ஒரு சொல். இது பொழுதுபோக்குக்காகப் பொத்தானை அழுத்தும் சிறுபிள்ளை விளையாட்டு அன்று. 1980-களின் பிற்பகுதியிலேயே தொலைபேசிக் கம்பி வழியே கணினிகளை இணைத்து இத்தகைய ஆட்டங்களை ஆடத் தொடங்கிவிட்டனர். 2001-இல் வெளிவந்த இல்-2 ஸ்டுர்மோவிக், 2012 முதல் பரவிய வார் தண்டர் போன்றவை உலகெங்கும் ஆடுவோரைப் பெற்றன. மெய்யான விமானத்தின் எடை, பொறியின் ஆற்றல், ஏறும் விரைவு, எந்த வேகத்திற்குக் கீழே இறகு காற்றைப் பிடிக்காமல் நழுவும் என்பன போன்றவற்றைக் கணக்கிட்டு, மெய் விமானம் போலவே திரை விமானத்தையும் இயக்குகின்றனர். உயரம் என்பது சேமித்து வைத்த வேகம். கண்டபடி வளைந்து திரும்பினால் அச்சேமிப்புக் கரைந்துவிடும் என்னும் அடிப்படைப் பாடத்தைக் கற்கவே ஒருவனுக்குப் பல மாதங்கள் ஆகும். எதிரே பறப்பது கணினி அன்று. எங்கோ ஓர் அறையில் அமர்ந்திருக்கும் இன்னொரு மனிதன். இதனை மறந்துவிடலாகாது.

முதலில் நான் எதைக் குறை கூறவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லையேல், வான்போரின் இயல்பறியாத கிழவர் புலம்புகிறார் என்று என்னை எளிதில் ஒதுக்கிவிடுவர். கதிரவனை முதுகுக்குப் பின்னே வைத்துக்கொண்டு பாய்வது குற்றமன்று. பின்புறமிருந்து தாக்குவது குற்றமன்று. முதல் உலகப் போரில் செருமானிய வீரர் ஓசுவால்ட் போல்க்கே 1916-இல் வகுத்தளித்த போர் நெறிகளிலேயே இவை இடம்பெற்றுள்ளன. மேலிருந்து பாய்ந்து சுட்டுவிட்டு, வளைந்து போரிடாமல் விரைந்து விலகுவதைச் சிலர் கோழைத்தனம் என்று ஏசுகின்றனர். அதுவும் தவறு. பர்மாவிலும் சீனாவிலும் போரிட்ட அமெரிக்கத் தொண்டர் விமானப் படைக்குக் கிளேர் செனால்ட் அதையே கற்பித்தார். தம் விமானம் சப்பானியரின் விமானத்தைப் போல் சுருங்க வளையாது என்பதை அறிந்து, தம் வலிமை எதில் உள்ளதோ அதில் நின்று போரிடச் சொன்னார். இஃது அறிவுடைமை, இதனைத் தீயொழுக்கம் என்பார் தோற்றவரே.

அவ்வாறாயின் தகுந்ததையும் தகாததையும் எவ்வாறு பிரிப்பது? எளிய அளவுகோல் ஒன்றுண்டு: எதிராளிக்கு விடை உண்டா? கதிரவன் திசையிலிருந்து வருபவனுக்கு விடை உண்டு. அவன் தலையைத் திருப்பிப் பார்த்திருக்கலாம், இன்னும் உயரத்தில் பறந்திருக்கலாம். பாய்ந்து விலகுபவனுக்கும் விடை உண்டு. வேகத்தைச் சேமித்து வைத்துக் காத்திருக்கலாம். ஆனால், ஓடுபாதையில் உருளும் விமானத்துக்கு என்ன விடை? வான்குடையில் தொங்குபவனுக்கு என்ன விடை? தோல்வி நெருங்கும் நொடியில் இணைப்பைத் துண்டித்துக்கொண்டு, எதிராளிக்குரிய வெற்றியை மறுத்து ஓடுபவனுக்கு என்ன விடை? வேறு பெயரில் மற்றோர் ஆளாய் எதிரணியில் நுழைந்து அவர்கள் இருப்பிடத்தைத் தன் அணிக்குச் சொல்பவனுக்கும், குறிபார்க்கும் வேலையைத் திருட்டு மென்பொருளிடம் ஒப்படைத்தவனுக்கும் என்ன விடை? விடையில்லாத வினாவைக் கேட்டுவிட்டு வென்றேன் என்பது தேர்வுமன்று, வெற்றியுமன்று.

இனி முதற் கேடயத்திற்கு வருவோம். இது போர் என்கிறார்கள். போர் என்னும் சொல்லை இத்தனை எளிதாய் எடுத்தாள்வோர், பிரிக்பீல்ட்ஸிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவே உள்ள சுங்கை பீசிக்கு ஒருமுறை மனத்தாலேனும் சென்று வரட்டும். 1965-இல் சுபாங் திறக்கப்படும் வரை அதுவே தலைநகரின் விமான நிலையம். பின்னர் வான்படைத் தளமாயிருந்து 2018-இல் மூடப்பட்டது. 1941 திசம்பரில் ஆசுத்திரேலிய வான்படையின் 453-ஆம் அணி அங்கிருந்து பஃபலோ விமானங்களில் எழுந்து சப்பானியரை எதிர்த்தது. எருமையின் பெயர் தாங்கிய அவ்விமானங்கள் ஏறுவதில் மந்தமானவை. பகைவர் வருகையை முன்கூட்டி அறிவிக்கும் ஏற்பாடும் போதாது. ஆதலால் உயரத்தை எட்டுமுன்னரே அவை தாக்கப்பட்டன. எஞ்சியவை அத்திங்கள் முடியுமுன் சிங்கப்பூருக்குப் பின்வாங்கின. 1942 சனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது.

வடக்கே பட்டர்வொர்த்தில் 1941 திசம்பர் 9 அன்று நிகழ்ந்ததோ ஓடுபாதைத் தாக்குதலின் மெய்யுருவம். தாய்லாந்தின் சிங்கோராவைத் தாக்கப் பிளென்கைம் விமானங்கள் புறப்பட்டுக்கொண்டிருந்தன. முதல் விமானம் மட்டுமே எழுந்திருந்த வேளையில் சப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. தரையில் நின்ற மற்ற விமானங்கள் பறக்க இயலாமற் போயின. எழுந்துவிட்ட அந்த ஒற்றை விமானத்தை ஓட்டியவர் ஆர்தர் இசுகார்ப். திரும்பி வந்திருந்தால் எவரும் பழித்திரார். அவரோ தனியொருவராய்ச் சென்று குண்டு வீசி, உயிர்போகும் காயத்தோடு அலோர் ஸ்டார் வரை விமானத்தைக் கொண்டுவந்து தரையிறக்கி, உடன் வந்த இருவரையும் காத்து, தாம் மாண்டார். 1946-இல் அவருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. தைப்பிங் போர்க் கல்லறையில் அவர் துயில்கிறார்.

இதனை ஏன் கூறுகிறேன்? போரில் ஓடுபாதை தாக்கப்பட்டது உண்மையே; அதனை நான் மறைக்கவில்லை. ஆனால் அச்செயலுக்கு அங்கே ஒரு விலை இருந்தது. தாக்க வந்தவன் விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கு நடுவே தன் உயிரைப் பணயம் வைத்து வந்தான். தாக்குண்டவன் பொத்தானை அழுத்தி மீண்டும் உயிர்த்தெழவில்லை. அவ்விலையே மெய்யான விமானியின் கையைப் பலமுறை கட்டிப்போட்டது. திரையில் பறப்பவனுக்கு அவ்விலை இல்லை. செத்தாலும் அரை நிமிடத்தில் புது விமானம் கிடைக்கும். அச்சம் கட்டிப்போடாத கையைப் பண்பு ஒன்றே கட்டிப்போட இயலும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு, அதுவே தலையாயது. போரின் நோக்கம் பகைவன் பறவாமல் செய்வது. ஆட்டத்தின் நோக்கமோ எதிராளி பறக்க வேண்டும் என்பது! அவன் பறந்தால்தான் ஆட்டம். நம் மொழி இதனை என்றோ உணர்ந்திருந்தது. போர்க்களத்தில் நிற்பவனை எதிரி என்றோம். ஆடுகளத்தில் நிற்பவனை எதிராளி என்றோம். எதிரி இல்லாத நாள் நன்னாள். எதிராளி இல்லாத நாளில் ஆட்டமே இல்லை. எதிராளியை விரட்டிவிட்டுப் புள்ளி எண்ணுகிறவன், உண்ணவந்த விருந்தினரை விரட்டிவிட்டு இலைகளை எண்ணுகிறவனுக்கு ஒப்பாவான்.

வான்குடையைச் சுடுவதற்கோ இந்தக் கேடயமும் உதவாது. சேதமுற்ற விமானத்திலிருந்து வான்குடையில் இறங்குபவரைத் தாக்கலாகாது என்று ஜெனிவா உடன்படிக்கைகளின் 1977-ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறை, 42-ஆம் விதியில் தெளிவாகக் கூறுகிறது. பகைவர் நிலத்தில் இறங்கினால் சரணடைய வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் அது பணிக்கிறது. போரே விலக்கியதைப் போரின் பெயரால் விளையாட்டில் செய்வது என்ன நியாயம்?

இரண்டாவது கேடயம், விதி தடுக்கவில்லை என்பது. விதிப்புத்தகம் ஆட்டத்தின் வேலி, ஆட்டம் அன்று. பூப்பந்தை நேசிக்கும் இந்நாட்டு மக்கள் 2012 லண்டன் ஒலிம்பிக்கை மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த சுற்றில் எளிய எதிரணி அமையும் என்று கணக்கிட்டு, வேண்டுமென்றே தோற்க முயன்ற நான்கு மகளிர் இரட்டையர் இணைகள், அதாவது எட்டு ஆட்டக்காரர்கள் போட்டியிலிருந்து நீக்கப்பட்டனர். போட்டி அமைப்பின் கணக்கு அவர்களுக்கு வழிவிட்டது உண்மை. முழு முயற்சியோடு ஆடுவது ஆட்டக்காரரின் கடமை என்னும் நெறி அதனினும் பெரிதாய் நின்றது. வலையில் ஓட்டை இருப்பதால் அதன் வழியே பந்தடிப்பதும் ஆட்டமே என்று எவரும் வாதிடுவதில்லையே!

இங்கே ஒரு மறுப்பு எழும். தமிழகத்துச் சுழற்பந்து வீரர் அசுவின், 2019-இல் ஐ.பி.எல். ஆட்டமொன்றில், பந்து வீசப்படுமுன் கோட்டை விட்டு நகர்ந்த சோசு பட்லரை ஆட்டமிழக்கச் செய்தார். பண்பில்லாச் செயல் என்று உலகம் ஏசியது. 2022-இல் கிரிக்கெட் விதிகளைக் காக்கும் எம்.சி.சி. கழகமே அதனை முறையற்ற ஆட்டம் என்னும் பிரிவிலிருந்து எடுத்து, வழக்கமான ரன் அவுட் பிரிவில் சேர்த்தது. ஆகவே பண்பு என்பது பழம்பெருமைக்காரர் கூச்சல்தானே என்று கேட்பர். நன்று கேட்டீர்கள்! அதே அளவுகோலை இங்கும் வைத்துப் பாருங்கள். பட்லருக்கு விடை இருந்தது. கோட்டுக்குள் நின்றிருந்தால் போதும். முறையின்றி முன்னே நகர்பவனைத் தடுப்பதே அவ்விதியின் வேலை. ஓடுபாதையில் நிற்பவன் எந்தக் கோட்டைத் தாண்டினான்? பண்பு என்பது கண்மூடிப் பழக்கத்தைப் போற்றுவதன்று. எதிராளிக்கு ஆடும் வாய்ப்பை விட்டுவைப்பது.

இதனை நம் முன்னோர் நுட்பமாக உணர்ந்திருந்தனர். புறத்திணை வகுத்த இலக்கண நூலார், இரவில் மறைந்து சென்று ஆநிரை கவர்வதையும் ஒரு திணையாக்கி, அதற்கு வெட்சி என்று பெயரிட்டனர். இரு தரப்பும் தம் ஆற்றலை நிறுவ நேருக்கு நேர் பொருவதற்குத் தும்பை என்று பெயரிட்டனர். இரண்டையும் அவர்கள் மறுக்கவில்லை. பூவை மட்டும் வேறாக்கினர். இன்ன பூச்சூடி வந்தவன் இன்ன தொழில் செய்வான் என்பது வெளிப்படை. வான்போர் விளையாட்டிலும் அவ்வாறே. தளத்தைத் தாக்குவதே பணி என்று இரு அணியும் ஒப்பி, தளத்தைப் பீரங்கிகள் காத்து, எழுவதற்கு வேறு தளமும் இருக்குமாயின் தாராளமாய்த் தாக்குங்கள்; அது வெட்சி. வானில் பொருது பார்ப்போம் என்று அழைத்துவிட்டு ஓடுபாதையில் கழுத்தறுப்பது எது? தும்பை சூடி வந்து வெட்சித் தொழில் செய்வது! அதற்கு இலக்கணத்தில் இடமில்லை.

போர் தொடுக்குமுன் ஆக்களையும் பெண்டிரையும் பிணியுற்றோரையும் காப்பிடம் சேர அறிவித்த முதுகுடுமிப் பெருவழுதியைப் புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில் நெட்டிமையார் பாடினார். பகைவனுக்கு இடுக்கண் நேர்ந்தபோது உதவுவதே ஆண்மையின் கூர்முனை என்று படைச்செருக்கு அதிகாரத்தில் வள்ளுவர் வைத்தார். படைக்கலம் இழந்து நின்ற இராவணனை மறுநாள் வரச் சொல்லி அனுப்பிய இராமனைக் கம்பர் காட்டினார். இவற்றை நாம் மேடைதோறும் முழங்குகிறோம்; கைதட்டல் பெறுகிறோம். ஆனால் நம் வீட்டு மாடியறையில் நாள்தோறும் நடைபெறும் போரில் இவற்றுக்கு இடமுண்டா என்று ஒருநாளேனும் கேட்டோமா? இல்லை. கேட்டதெல்லாம், "எப்போது அந்தக் கருவியை அணைப்பாய்?" என்பது மட்டுமே. பிள்ளைகளின் ஆட்டத்தை இழிவென்று ஒதுக்கிய நாம், அந்த ஆட்டத்தில் அறம் பேசும் உரிமையையும் இழந்துவிட்டோம். இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

மூன்றாவது கேடயமே மிகக் கொடியது. இது வெறும் விளையாட்டு என்பது. வெறும் விளையாட்டில் ஏமாற்றினால் என்ன நேரும்? 1994-ஆம் ஆண்டை ஒட்டி மலேசியக் கால்பந்தில் வெடித்த பந்தய ஊழலை எண்ணிப் பாருங்கள். ஆட்டக்காரர் பலர் தண்டிக்கப்பட்டனர். அதனினும் பெரிய இழப்பு வேறு. கோல் விழுந்தபோது, இது ஆற்றலால் விழுந்ததா, காசால் விழுந்ததா என்று ஐயுறும் பழக்கம் பார்வையாளர் நெஞ்சில் குடிபுகுந்தது. நம்பிக்கை போன அரங்கத்தைச் சுவரும் கூரையும் தாங்கா.

என் தமக்கை மகனின் கதையும் அவ்வாறே முடிந்தது. எண்மர் கொண்ட அவனுடைய குழுவை, தைப்பூசத்திற்குப் பின் வேறொரு பெரிய குழு எதிர்கொண்டது. அவர்கள் இருபதுபேர். இவர்கள் செய்ததையே அவர்கள் செய்தார்கள். மூன்று வாரம் இவர்களால் தரையை விட்டு எழவே இயலவில்லை. குழுவில் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டுப் பையன் ஒருவன் இருந்தான். உணவகத்தில் இரவுநேர வேலை பார்த்து, அக்கூலியில் சிறுகச் சிறுகச் சேர்த்து ஜாய்ஸ்டிக்கும் மிதிகட்டைகளும் வாங்கியவன். விமானப் பொறியியல் படிக்கும் ஆசையே இந்த ஆட்டத்தால் அவனுக்கு முளைத்தது என்பார்கள். அவன் அவற்றைப் பாதி விலைக்கு விற்றுவிட்டான். குழு கலைந்தது.

"விளையாடவே பிடிக்கல மாமா," என்றான் என் தமக்கை மகன். இது வெறும் விளையாட்டுதானே என்று நான் திருப்பிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அவன் முகத்திலேயே அது எழுதியிருந்தது.

திரையில் பழகிய கை திரையோடு நின்றுவிடுவதில்லை. விதியில் ஓட்டை தேடுவதே திறமை என்று இருபது வயதில் கற்றவன், நாற்பது வயதில் குத்தகையிலும் கணக்கிலும் சங்கத் தேர்தலிலும் அதனையே தேடுவான். அப்போது அவனைப் பழிப்போம். அவன் எங்கே கற்றான் என்று வியப்போம்.

ஆகவே நம் இளைஞர்க்கு நான் வேண்டுவது இவ்வளவே. ஆடத் தொடங்குமுன் எதிரணியோடு பேசுங்கள். எந்தப் பூவைச் சூடி வந்தோம் என்பதை முடிவு செய்யுங்கள். வான்குடையைச் சுடாதீர்கள். எழுபவன் எழட்டும், உயரம் எட்டட்டும். ஆள் குறைந்த அணிக்கு உங்களில் ஒருவரை அனுப்புங்கள். தோற்கும்போது இணைப்பைத் துண்டிக்காமல் தோற்றுப்போங்கள். தோல்வியை முழுதாய் வாங்கிக்கொள்வதும் எதிராளிக்குச் செலுத்த வேண்டிய கடனே. ஏமாற்றுகிறவன் உங்கள் நண்பனாயினும், உங்கள் அணியை வெல்லச் செய்பவனாயினும், முதலில் அவனைத் தடுப்பவர் நீங்களாய் இருங்கள். நடுவர் இல்லாத ஆட்டத்தில் ஒவ்வோர் ஆட்டக்காரனும் பாதி நடுவன்.

பெற்றோர்க்கும் சங்கத்தார்க்கும் வேண்டுவது ஒன்று. பிள்ளையின் அறைக்குள் சென்று, "இன்று எத்தனை வீழ்த்தினாய்?" என்று கேளாதீர்கள்; "எப்படி வீழ்த்தினாய்?" என்று கேளுங்கள்.

அண்மையில் கிள்ளானுக்கு மீண்டும் சென்றிருந்தேன். கலைந்த குழுவில் ஐவர் திரும்பியிருந்தார்கள். அந்த இருபதின்மர் குழுவுக்கே இவன் எழுதி, சனிக்கிழமை இரவுகளில் இருபுறமும் ஐவர் ஐவராய், ஓடுபாதையையும் வான்குடையையும் தீண்டாமல் ஆடுவதென்று ஒப்பந்தம் செய்திருந்தான். அன்று இவன் அணி தோற்றது. தோற்ற பின்னரும் அரை மணி நேரம் இரு தரப்பும் அந்தப் போரைப் பற்றிப் பேசி மகிழ்ந்துகொண்டிருந்தது. பிரிக்பீல்ட்ஸ் பையன் மட்டும் திரும்பவில்லை. அவனுக்கென்று ஓர் இடத்தை இன்னும் ஒதுக்கி வைத்திருப்பதாகச் சொன்னார்கள்.